சுருட்டோடு உள்ளே வர வேண்டாம்

டெய்சி அப்பாவுக்கு,

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பிலேயே காஸ் விளக்கு எரியும் முதல் தமிழ் வீடு நம்முடையது என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. இன்று இங்கே அடுப்புகூட எரியவில்லை. வாசலிலேயே நின்று, சுருட்டை அணைத்துவிட்டு மேலே படியுங்கள்.

"இன்னாடி, பாதிரியார் வர்ற நாள்ல இவ்ளோ பூண்டா?" என்று கத்திவிட்டு ஷிப்டுக்குப் போனீர்களே, நான் பூண்டே உரிக்கவில்லை. அது காஸின் வாடை. விளக்கின் ரப்பர் குழாய் கழன்று, வீடெங்கும் நிறைந்திருக்கிறது.

கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டேன். பிள்ளைகளும் நானும் பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவிடம் இருக்கிறோம். உங்கள் சோறும் அங்கேதான். வாடை அடங்கும்வரை உள்ளே போகாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். காஸை அடக்குகிறேன் என்று விளக்கின் கார்பைடு கல் டப்பாவில் தண்ணீர் ஊற்றினால் காஸ் இன்னும் பொங்கும்.

கத்தியதற்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் நேற்று அந்த வெள்ளை வெளிச்சத்தில் உங்கள் முகத்தைப் புதிதாய்ப் பார்த்தேன். வெறும் கல்லும் தண்ணீரும் சேர்ந்து இப்படியொரு பகலா! இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

லூயிசா

மறந்துவிட்டேன்: பாதிரியாரை மரத்தடியில் உட்காரவையுங்கள். திறந்த கதவு வழியே வந்த கோழி, அவருக்காக இரவல் வாங்கிய மெத்தை நாற்காலியில் முட்டையிட்டிருக்கிறது.