இருபத்தாறாம் வசனம்

ஆகஸ்ட் 4, திங்கள்

பாஸ்டர் காளிதாசனுக்குக் கண் அறுவை சிகிச்சை. பதினேழாம் தேதி ஞாயிறு பிரசங்கம் என்னுடையது. முதல் தடவை. "யூனிவர்சிட்டி படிச்ச புள்ள, ஒனக்கென்ன பயம் லோகா?" என்றபடி பைபிள் மென்பொருளை என் மடிக்கணினியில் ஏற்றிக் கொடுத்தார்.

சபையில் லூக்காவை வரிசையாகப் படித்து வருகிறோம். எனக்கு விழுந்தது பதினாலாம் அதிகாரம், 25 முதல் 33 வரை.

செய்வேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இடது பக்கம் தமிழ் வசனம், வலது பக்கம் விளக்கவுரைகள். ஒரு வசனத்தைத் தொட்டால் ஏழெட்டு உரையாசிரியர்கள் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். 'உதாரணக் கதைகள்' என்றொரு பொத்தான். அழுத்தினேன். பனிப்புயலில் சிக்கிய கார். வருஷம் முழுக்க வெயிலடிக்கிற மலேசியாவில், பாடாங் செராயில் இதை யாரிடம் சொல்வது?

26-ஆம் வசனத்தை வேகமாகக் கடந்தேன். தாய் தகப்பனை வெறுக்காதவன் தமக்குச் சீடனாக முடியாது என்கிறார் இயேசு. தெரிந்தேதான் கடந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

பதினேழாம் தேதி அம்மாவும் சபைக்கு வருகிறாளாம். கேன்டீனில் அவளோடு வேலை செய்யும் மாலா அக்கா எங்கள் சபை. பிரசங்கத்தைப் பற்றி அவர்தான் சொல்லியிருக்கிறார்.

"மைக்குல பேசப் போறியாமே. வர்றேன். சாமி கும்புட இல்ல, நீ பேசுறத பாக்க."

நான் ஞானஸ்நானம் எடுத்த இரண்டு வருஷத்தில் இதுதான் அம்மா என்னிடம் பேசிய நீளமான பேச்சு. கோயில் பிரசாதம் எனக்கு வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு என் மோட்டார் சைக்கிளில் ஏறுவதில்லை. பக்கத்து வீட்டு சந்திரா அக்கா காரில் போகிறாள்.

அந்த வசனம் சபையின் திரையில் பெரிய எழுத்தில் வரும். அம்மா தமிழ்ப்பள்ளியில் படித்தவள். வாய்விட்டு வாசிப்பாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எந்த வசனம் முதல் எது வரை என்பதை மென்பொருளில் ஒரு பெட்டிக்குள் தட்டச்சு செய்ய வேண்டும். 25–33 என்றிருந்ததை 28–33 ஆக்கினேன். அவ்வளவுதான். திரைக்கான பக்கங்கள், குறிப்புகள், எல்லாம் தாமாகவே ஒழுங்காகிவிட்டன. இப்போது பிரசங்கம், கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதில் தொடங்குகிறது. நன்றாகவே இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

நன்றாக இல்லை. செலவைப் பார் என்று சொல்லப் போகிறேன் — எந்தச் செலவு என்பதை மறைத்துவிட்டு.

மறுபடி 25–33.

வெறுப்பு என்றால் குறைவாக நேசிப்பதுதான் என்று உரையாசிரியர்கள் எல்லோரும் சமாதானம் சொல்கிறார்கள். இருக்கலாம். அம்மாவிடம் போய் என்ன சொல்வது? உங்களைக் குறைவாக நேசிக்கிறேன் என்றா?

திரையில் பார்ப்பதற்கு முன் அம்மா என் வாயால் கேட்கட்டும்.

ஆகஸ்ட் 16, சனி

அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து வசனத்தைச் சொன்னேன். நெத்திலித் தலைகள் தட்டில் விழுந்தபடி இருந்தன.

"ஒங்க சாமியே சொல்லிட்டாரா. அதத்தான ரெண்டு வருஷமா செய்யுற."

"இல்லம்மா."

"வெறுக்கலையா?"

"இல்ல."

"அப்ப இங்க வந்து எங்கிட்ட சொல்லாத. அங்க சொல்லு. மைக்குல."

"அது பிரசங்கம்மா, அதுல எப்படி —"

"சொல்ல முடியாதுன்னா நான் வரல லா. எனக்கு இந்த நெத்திலியே போதும்."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வசனத்தை முழுவதும் வாசித்தேன். அம்மாவின் உதடுகள் கூடவே அசைந்தன.

பிறகு, மடிக்கணினியில் இல்லாததைச் சொன்னேன். "எங்கம்மா இங்க உக்காந்திருக்காங்க. நான் அவங்கள வெறுக்கல. இந்த வசனத்த எப்படி வாழுறதுன்னு எனக்கு இன்னும் தெரியல. ஆனா இத மறைச்சுட்டுப் பேச மாட்டேன்."

மாலா அக்கா அழுதார். அம்மா அழவில்லை. முடிந்ததும் வாசலில், "ரொம்ப வேகமா பேசுற," என்றாள். வழக்கம்போல் சந்திரா அக்காவின் காரில் ஏறிப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

ஷிப்ட் வேலை. அம்மாவோடு பேச்சில்லை. மைக்கில் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளப் போவதும் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வேலை முடிந்து வந்தால், அம்மா ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"மோட்டார எடு. கோயிலுக்குப் போகணும்."

கோயில் வாசலில் இறங்கினாள். "நீ உள்ள வர வேணாம். இங்கயே நில்லு."

நின்றேன். மணிச்சத்தம் கேட்டது. திருநீறு பூசிய நெற்றியோடு வந்தாள். கையில் அர்ச்சனைத் தட்டு. அதிலிருந்து எதையும் எடுக்கவில்லை. பைக்குள் கைவிட்டு ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள்.

"இது சாமிக்கு வைக்கல. பாசார் கடையில தனியா வாங்குனது. தின்னு."

தின்றேன். தோலை எங்கே போடுவது என்று பார்த்தேன். அம்மா வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள்.