ஆற்றங்கரையில் ஒளித்துவைத்த பிள்ளைகள்

என் கோபத்துக்கெல்லாம் சொந்தக்காரியான எஸ்தர் அக்காவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாள் நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. துக்கம், பாவம், தங்கை மனசு ஆறவில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. துக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இன்று காகிதத்தை எடுத்தது அதற்காக இல்லை. வயிறு எரிகிறது, அக்கா. உன்னோடு உட்கார்ந்து சண்டை போட வேண்டும். நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் கோபித்துக்கொள்வாய். அப்பாவுக்கு முட்டிவலி ஜாஸ்தியாகிவிட்டது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நடந்துதான் வருவேன் என்கிறார். உன் முருங்கை மரம் காற்றில் முறிந்தது, மறுபடி துளிர்த்திருக்கிறது. ஆம்பூர் அப்படியேதான் இருக்கிறது. காலையில் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டிகள் பள்ளிக்கூட வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டி நாற்றம் ஜன்னல் வழியாக வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது. நாம் என்றைக்கு அதற்கு மூக்கைப் பொத்தினோம்!

நீ போன மறுமாதமே என்னை உன் இடத்தில் போட்டுவிட்டார் எட்மாஸ்டர். "அக்கா தங்கச்சிதானே, ஒரே கைதான்" என்றார். கைப்பக்குவம் என்றால் குழம்புக்கு வரும். இதற்கு எப்படி வரும்? நீ மெட்ராஸில் ஒரு வருஷம் தங்கி, எழுத்து ஏறாத பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தனியாகப் படித்து வந்தவள். நான் ஒன்றாம் வகுப்புக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கிறவள். அந்தப் படிப்புப் படித்தவர்கள் வாணியம்பாடியில் இல்லை, குடியாத்தத்தில் இல்லை. வேலூர் வரை போய் விசாரித்தேன், அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள்.

உன் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. தோல் ஷாப்புகளில் வெட்டி எறியும் துண்டுகளைக் கேட்டு வாங்கி, நீயே கத்தரித்து வைத்த எழுத்துகள். சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, விரலால் தடவ வைப்பாயே, அந்த எழுத்துகள். "க"வின் ஒரு கால் பிய்ந்துவிட்டது. நானே வெட்டித் தைத்தேன். கோணலாகத்தான் வந்தது.

பச்சையம்மாவுக்கு உன் பெட்டி என்றால் உயிர். பட்டை இடிக்கிற செங்கேணியின் மகள், நீ கடைசியாகச் சேர்த்துக்கொண்ட பிள்ளை. இரண்டாம் வகுப்பில் அவளுக்கு இது மூன்றாவது வருஷம். ஒரு கதையை இன்று சொன்னால், நாளைக்கு நான் விட்டதையும் சேர்த்துத் திருப்பிச் சொல்கிறாள். தோலைத் தடவி வெள்ளாடா செம்மறியா என்று சொல்லிவிடுகிறாள். உன் பெட்டியிலிருந்து எந்த எழுத்தைக் கையில் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்கிறாள். ஆனால் அதே எழுத்தைப் புத்தகத்தில் காட்டினால் திருதிருவென்று விழிக்கிறாள், அக்கா. முன்பின் பார்த்திராத ஆளைப் பார்க்கிற மாதிரி.

விரலுக்குத் தெரிந்தது கண்ணுக்கு எப்படிப் போய்ச் சேரும்? நடுவில் நீ என்ன செய்தாய்? ஏதோ செய்தாய். உன்னிடம் படித்த பிள்ளைகள் புத்தகம் வாசித்ததை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து அறையில்தானே இருந்தேன், ஒரு நாள் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டேனா? உன் நோட்டைப் புரட்டினேன். "இன்று ப, ம. நன்றாகச் செய்தாள்" என்று எழுதியிருக்கிறாய். எப்படிச் செய்தாள் என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போவாய்?

போன மாதம் ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "எத்தன தடவடி சொல்றது உனக்கு?" என்று கத்திப் பலகையைப் பிடுங்கிவிட்டேன். அவள் அழவில்லை. "பெரிய டீச்சர் கத்தமாட்டாங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதோடு எட்மாஸ்டர் வேறு கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "மூணு வருஷமா ஒரே வகுப்பு. இந்த இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சதும் அந்தப் பொண்ணு பேர எடுத்துடலாம்மா." பேரை எடுத்தால் அவள் எங்கே போவாள் என்று உனக்குத் தெரியும். உலக்கையைக் கையில் கொடுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் பட்டைத் தூசுதான்.

சரி, எனக்குத்தான் தெரியவில்லை, தெரிந்த ஒருத்தரை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம் என்று கல்வி போர்டுக்கு மனு எழுதினேன். நான்கு முறை அடித்துத் திருத்தி, அப்பாவிடம் காட்டி, நல்ல காகிதத்தில் எழுதினேன். இந்தப் பள்ளியில் எழுத்து ஏறாத பிள்ளைகள் ஒன்பது பேர் இருக்கிறார்கள், இவர்களுக்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவரை அனுப்ப வேண்டும் என்று கேட்டேன்.

பதில் முந்தாநாள் வந்தது. மூன்றே வரி. இந்தப் பள்ளியின் இத்தனை வருஷத்துப் பரிசோதனைக் குறிப்புகளையும் பார்த்தார்களாம். வாசிக்க முடியாத பிள்ளை ஒன்றுகூட இருந்ததாக எந்த இன்ஸ்பெக்டரும் எழுதவில்லையாம். ஆகையால் அப்படி ஓர் ஆசிரியை தேவைப்படவில்லையாம்.

படித்துவிட்டு முதலில் அவர்களைத் திட்டினேன். அப்புறம்தான் சுருக்கென்றது. அவர்கள் பொய் சொல்லவில்லை, அக்கா. இன்ஸ்பெக்டர் எப்படிப் பார்த்திருப்பார்? அவர் வருகிற நாளில் எல்லாம் அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்?

உன்னோடு பாலாற்று மணலில் இருந்தார்கள்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியாதா? நீ வந்த முதல் வருஷம் ஒரு பிள்ளையைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தி, இன்ஸ்பெக்டர் வாசிக்கச் சொன்னார். அவன் வாயே திறக்கவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்தது. பையன் கூச்சப்படுகிறான் என்று இன்ஸ்பெக்டர் அதை எழுதாமலே விட்டுவிட்டார். மறுநாளிலிருந்து அவன் பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை. அதற்கு அடுத்த வருஷம், இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும், பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு பொரியும் வெல்லமுமாக ஆற்றுக்குக் கிளம்பிவிட்டாய். எட்மாஸ்டருக்கு அதில் நிம்மதிதான். பதிவேட்டில் அம்மை, ஊர்ப்பயணம் என்று போட்டுவிடுவார். நீயும் அன்றைக்குச் சுகமில்லை என்று ஆகிவிடும். வருஷா வருஷம் இதே கூத்து. பிள்ளைகள் அதற்கு இன்ஸ்பெக்டர் பண்டிகை என்று பெயரே வைத்துவிட்டார்கள்!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். மறைத்தது நீ மட்டும் இல்லை. நீ ஆற்றில் இருந்தபோது, "எல்லோரும் வாசிப்பார்கள், சார்" என்று இன்ஸ்பெக்டர் முன்னால் கைகட்டி நின்று சொன்னவள் நான். போன வருஷம் நீ இல்லாமலே நானே அழைத்துக்கொண்டு போனேன். இப்போது போர்டார் ஒரு பிள்ளைகூட இல்லை என்கிறார்கள். நம் வாயால் சொன்னதைத்தான் நமக்கே திருப்பிப் படிக்கிறார்கள். பிள்ளைகளின் மானத்தைக் காப்பாற்றினாய், சரி. அவர்களுக்கு ஓர் ஆசிரியை வேண்டுமே, அதை நினைத்தாயா? நீயே எப்போதும் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டாயா? ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாயே, என் அக்கா.

இப்போது மறுபடியும் இன்ஸ்பெக்டர் வருகிறார். வியாழக்கிழமை. இந்தத் தடவை பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப் போக மாட்டேன் என்று எட்மாஸ்டரிடம் சொன்னேன். அவர் முகம் கடுகடுத்தது.

"இன்னாம்மா பேஜார் பண்றீங்க? உங்கக்கா எவ்ளோ நல்லவங்க, கம்முனு இட்டுக்கினு போய்டுவாங்க. பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டா நீங்க பதில் சொல்வீங்களா?"

"சொல்றேன் சார். அதுக்குத்தான் உக்கார வெக்கிறேன்" என்றேன்.

செங்கேணியிடமும் போனேன். பட்டை மேடையில் உலக்கையை நிறுத்தாமலே கேட்டாள். "நாலு பேர் முன்னாடி எம்பொண்ணு முழிச்சிக்கினு நிக்கணுமா டீச்சரம்மா? அதுக்கு இங்கியே வந்து பட்ட இடிக்கட்டும். இங்க யாரும் சிரிக்கமாட்டாங்க."

அவள் சொன்னதில் என்ன தப்பு? நீ ஆற்றுக்குப் போனதும் இதே காரணத்துக்குத்தானே. கடைசியில் அவளே உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு, "அவளையே கேளுங்க. அவ சரின்னா எனக்கு சரி" என்றாள்.

கேட்டேன். பச்சையம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒளிக்காமல் சொன்னேன். இன்ஸ்பெக்டர் புத்தகத்தைக் கொடுப்பார், உனக்கு வாசிக்க வராது, அதை அவர் பார்க்க வேண்டும், பார்த்து எழுத வேண்டும், எழுதினால்தான் பெரிய டீச்சர் மாதிரி ஒருத்தர் வருவார், எழுதினாலும் வராமல் போகலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உன் பெட்டியிலிருந்து "ப"வை எடுத்து விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"படிக்கத் தெரியலன்னு காட்டணும். அவ்ளோதானா டீச்சர்?"

"அவ்ளோதான்."

"அப்ப சுலுவுதான்" என்றாள். "இந்தப் பரீட்சையில நான் பாஸாய்டுவேன்."

நான் எழுந்து போய்த் தண்ணீர்ப் பானைப் பக்கம் நின்றேன், அக்கா. திரும்பி வந்தபோது ஒரு நிபந்தனை போட்டாள். இன்ஸ்பெக்டர் போனதும் ஆற்றுக்குக் கூட்டிப் போக வேண்டுமாம், பொரி வேண்டுமாம். சரி என்றேன்.

ஆகையால் உனக்குச் சொல்கிறேன். வியாழக்கிழமை அந்த ஒன்பது பேரும் முதல் வரிசையில் உட்காருவார்கள். பச்சையம்மா நிற்கும்போது நான் அவள் பக்கத்தில் நிற்பேன். எவனாவது சிரித்தால் நான் யார் என்று அவனுக்குத் தெரியும். "இவளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவரை அனுப்புங்கள்" என்று இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதை அவர் எழுதுகிற வரை பக்கத்திலேயே நிற்பேன். இந்த வருஷம் எழுதாவிட்டால், அவள் பேரை எடுக்க விடாமல் அடுத்த வருஷமும் உட்கார வைப்பேன். சாயங்காலம் எல்லோரையும் ஆற்றுக்கு அழைத்துப் போவேன். இனி ஒருநாளும் ஒளிப்பதற்காகப் போக மாட்டேன்.

கோபம் தீரவில்லை. ஆனாலும் பொரி வாங்கும்போது உனக்கும் ஒரு கைப்பிடி சேர்த்து வாங்குகிறேன்.

உன்னை நன்றாகத் திட்ட உரிமையுள்ள ஒரே தங்கை,
ரூத்