வெண்கலத்தில் கோவிந்தன்

துன்மதி வருஷம், ஆடி 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. அவர் கூட்ஸ் வண்டி என்ஜின் வேலையாகப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் போய் மத்தியானம்தான் வந்தார். முகமெல்லாம் கரி. கையில் ஒரு பார்சல். என் பேருக்கு வந்து ஆபீசில் கிடந்ததாம். எனக்கு யார் அனுப்புவார்கள்?

அட்டைக்குள் ஒரு வெண்கலத் தட்டு. உள்ளங்கையைவிடப் பெரிசு, நல்ல கனம். அதில் ஒரு பெண் நிற்கிறாள். தலையில் கிரீடம். கையில் சூலம். காலடியில் சிங்கம். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "அம்மன் இல்ல புள்ள. வெள்ளைக்காரன் அவன் நாட்டையே பொம்பளையா செஞ்சு வச்சிருக்கான்." அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. சின்னக் கட்டத்துக்குள் இருந்த எழுத்தை அவர் வாசித்துச் சொல்லவில்லை. நானே கூட்டிக்கூட்டிப் படித்தேன். ஸ்டேஷன் பலகைகளைப் பார்த்துக் கற்ற இங்கிலீஷ். கோ. விந். தன்.

தம்பி. ஜெர்மன் சண்டைக்குப் பட்டாளத்தோடு போன பாஸ்ராவில் செத்து நாலு வருஷம். சண்டையில் செத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் இப்படி ஒன்று வருகிறதாம். அப்பா அம்மா இல்லை. சேரும்போது வாரிசு என்று அக்கா பேரைக் கொடுத்திருக்கிறான்.

சுதந்திரத்துக்கும் மானத்துக்கும் உயிர் விட்டான் என்று ஓரத்தில் சுற்றிப் போட்டிருக்கிறது, அவர் சொன்னார். பூட்ஸ் போட்டு நடக்க ஆசைப்பட்டுப் போன பிள்ளை.

கணக்கு நோட்டில் வரவு என்று எழுதக் கை போயிற்று. எழுதவில்லை.

ஆடி 5, புதன்

மழை விட்டது. அவர் ஈப்போ வண்டி. வாங்க: சீயக்காய், திரி, தே. எண்ணெய், வசம்பு (எதற்கு என்று மறந்துவிட்டது).

தட்டைத் துணிப்பெட்டிக்குள் வைத்தேன். மனசு கேட்கவில்லை. மூடினால் அவனுக்கு மூச்சு முட்டும்போல. எடுத்துச் சாமி மாடத்தில் வைத்தேன். செத்தவன் பேர் உள்ளதைச் சாமியோடு வைக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டுத்தான் போனார். வேறு எங்கே வைப்பது? அவனுக்குப் படமும் இல்லை. கண் ஞாபகம் வருகிறது, காது வருகிறது. மூக்கு வரமாட்டேன் என்கிறது.

ஆடி 7, வெள்ளி

பக்கத்து வீட்டு மங்களக்கா சல்லடை கேட்டு வந்தாள். இந்த ரயில்வே லயத்துக்குக் குடிவந்து இத்தனை வருஷத்தில் அவள் வாசல் தாண்டி உள்ளே வந்தது இன்றுதான். பிள்ளை இல்லாத வீடு. வளைகாப்பு, பேர் வைப்பது எதற்கும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். நானும் எதிரே போய் நிற்பதில்லை.

மாடத்தைப் பார்த்ததும் சல்லடை மறந்துபோயிற்று. எங்கிருந்து வந்தாள் ஆத்தா என்று கேட்டாள். தபாலில் வந்தது என்றேன். பொய் இல்லை.

"தேடி வந்திருக்கா, பாரேன்" என்று கீழே விழுந்து கும்பிட்டாள்.

என்ன எழுத்து என்றாள். நான் வாய் திறப்பதற்குள் மந்திரமாக இருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். நெற்றியை நீட்டினாள். என் கையால் குங்குமம் வைத்துவிட்டேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆடி 14, வெள்ளி

வெயில். லயத்துப் பெண்கள் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். பால், எலுமிச்சம்பழம், வேப்பிலை. சர்க்கரைப் பொங்கல் வைத்தேன், பானையில் ஒட்டியதுகூட மிஞ்சவில்லை. உட்கார இடம் போதாமல் ஒருத்தி அரிசி டின் மேல். "உன் வீட்டுக்காரரு கரி மூஞ்சியோட உள்ள வந்தா ஆத்தாவே பயந்துருவா லா" என்று அவள் சொல்ல, எல்லோருக்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன். இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டதே இல்லை.

எல்லோரும் தொட்டுத்தொட்டு வைத்ததில் தம்பி பேர் குங்குமத்தில் மூடிப்போயிற்று. அவர்கள் போனபிறகு ஈரத்துணியால் ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தேன். அவனுக்காக ஒருத்தியும் வரவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது.

ஆடி 17, திங்கள்

வயிறு சரியில்லை. கஞ்சி மட்டும்.

மங்களக்கா மகள் சரசுவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை கிள்ளான். தாலி செய்தாயிற்றாம். இந்த அம்மன் காலடியில் வைத்து எடுக்க வேண்டுமாம்.

"நீயே உன் கையால எடுத்துக் குடு, தங்கச்சி" என்றாள்.

என் கையால். இதுவரை ஒரு கல்யாணத்துக்கு வெற்றிலை மடிக்கக்கூட யாரும் கேட்காத கை.

கல்யாணம் ஆகாமல் செத்தவன் பேர் அது. அதன் முன்னால் ஒரு பெண்ணின் தாலி. சொன்னால் இனி ஒருத்தியும் வரமாட்டாள். சொல்லாவிட்டால் நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி என்றாலும் என்னால்தான் என்று எனக்கே தோன்றும். அவரிடம் கேட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கணும் என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆடி 20, வியாழன்

காற்று. கொடியில் போட்ட அவர் சட்டை சாக்கடையில் விழுந்தது, மறுபடி துவைப்பு.

மங்களக்கா மஞ்சள் துணியில் தாலியை முடிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நிறுத்தினேன். எப்படிச் சொல்வது என்று ராத்திரி எல்லாம் யோசித்து வைத்தது ஒன்றும் வரவில்லை.

"அது அம்மன் இல்லக்கா. என் தம்பி. சண்டையில செத்துப்போனான். அவன் பேருதான் அதுல இருக்கு."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் தாலியை மடியில் மறைத்துக்கொண்டாள்.

"அப்ப ரெண்டு வெள்ளியா எங்க நெத்தியில எதடி வச்ச?"

அவள் நேரே குழாயடிக்குப் போய் நெற்றியைத் தேய்த்துக் கழுவினாள். தோல் சிவக்கும்வரை. கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

சாயங்காலம் தண்ணீர் பிடிக்கப் போனேன். லயத்துப் பெண்கள் குடத்தை நகர்த்தி வழி விட்டார்கள், மரியாதையாக. அதுதான் தாங்கவில்லை.

ஆடி 21, வெள்ளி

யாரும் வரவில்லை. அவர் மறுபடி ஈப்போ.

தட்டை மாடத்திலிருந்து எடுத்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்து, தனியாக ஒரு மணை போட்டு வைத்தேன். குங்குமம் இல்லை. பேர் பளிச்சென்று தெரிகிறது.

அம்மன் என்று சர்க்கரைப் பொங்கலாக வைத்துக்கொண்டிருந்தேன். அவன் இனிப்பைத் தொடமாட்டான். கருவாட்டுக் குழம்பு என்றால் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். பாசாருக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தேன். தலை முழுகி, ஆடி வெள்ளியில், கருவாடு. என் ஆயுசில் செய்ததில்லை. அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு மாடத்தின் திரையை இழுத்துவிட்டேன்.

இரண்டு இலை. அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. "சாப்புடுடா கோவிந்தா" என்றேன். வாய்விட்டே சொன்னேன். அவன் பேரைச் சத்தமாகச் சொல்லி எத்தனை காலம்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மங்களக்கா குரல். "ஆடி வெள்ளியும் அதுவுமா எவ வீட்டுலடி கருவாடு?"

"என் தம்பிக்குக்கா."

அவன் இலையில் குழம்பை ஊற்றினேன். என் இலையில் கை வைக்க முடியவில்லை.

அப்புறம் சுவரை ஒட்டி, மெதுவாக: "கத்திரிக்கா போட்டியா?"

போட்டேன் என்றேன்.