பயிற்சியாளர் நீட்டிய ஊன்றுகோல்

அன்புள்ள அம்மாவுக்கு,

வெர்மான்ட்டிலிருந்து இங்கெபோர்க் எழுதுவது. நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா?

எங்கள் கல்லூரிப் பனிச்சறுக்கு அணியின் கடைசிப் பந்தயம் நேற்று முடிந்தது. மேட்டில் விழுந்ததில், சறுக்கும்போது பிடிக்கும் என் இரண்டு ஊன்றுகோல்களில் ஒன்று ஒடிந்துவிட்டது. முழங்காலில் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள். முப்பது வருடமாகத் தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் வெண்டல் ஓரத்தில் நின்றிருந்தார். தன் கோல்களில் ஒன்றை நீட்டினார்.

"உனக்கு நீளந்தான். பரவால்ல, போம்மா."

ஆறாவதாக வந்தேன். அதற்குக் கிடைத்த புள்ளிகளால் இந்தப் பருவத்தின் கோப்பை எங்களுக்கே கிடைத்தது. திரும்பிப் பார்த்தால், மிச்சமிருந்த ஒற்றைக் கோலோடு சறுக்கி இறங்கிவந்த வெண்டல் பனியில் குப்புறக் கிடந்தார்.

"சிரிச்சது போதும், தூக்கிவிடுங்கப்பா."

தூக்கப் போன நாங்களும் விழுந்தோம்.

நம் நார்வே பழுப்புப் பாலாடைக்கட்டி அனுப்புங்கள். சின்னதே போதும், அதன் இனிப்பு இங்கே யாருக்கும் பிடிக்கவில்லை, பங்கு கேட்க ஆளில்லை.

கல்லூரிக்குத் திரும்பும் எங்கள் பேருந்து கிளம்புகிறது அம்மா.

இங்கெபோர்க்