உங்கள் வண்டியின் டைமிங் செயின்

அன்பு மாமாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். யாழினி இப்போதுதான் தூங்கினாள். முதுகில் கை வைத்து மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அத்தை அறையில் விளக்கு அணைந்துவிட்டது. தூங்கிவிட்டாரா, தெரியவில்லை.

நீங்கள் போன பிறகு எனக்கு அழுகை வரவே இல்லை மாமா. மருமகளிடம் அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. வந்தவர்களுக்கு டீ போட்டேன். பாய் விரித்தேன், மடித்தேன். இன்னும் மடித்துக்கொண்டே இருக்கிறேன் போல.

சொல்ல வந்தது உங்கள் வண்டியைப் பற்றி.

தினமும் காலையில் வாசல் தெளித்ததும் அத்தை காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். “ஓடாம கெடந்தா பேட்டரி பூடும்” என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்களாம். ஓட்டத் தெரியாதவர். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அணைத்துவிட்டு இறங்குவார். ஸ்டார்ட் ஆனதும் கடகடவென்று ஒரு சத்தம் வருமே, டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கினாற்போல? அதைக் கேட்டால் யாழினி படுக்கையிலிருந்தே “தாத்தா டாட்டா” என்று கையாட்டுகிறாள். நாங்கள் யாரும் அவளைத் திருத்தவில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் அவளுக்கு மறுபடி வீசிங். நல்ல மழை. உங்கள் மகன் வழக்கம்போல ஓசூரில், வேலையில். திருவேற்காட்டில் ஒரு ஆட்டோகூட நிற்கவில்லை. உங்கள் வண்டியைத்தான் எடுத்தேன். வேலப்பன்சாவடி தாண்டும்போது இன்ஜின் நடுங்கியது, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்சீட்டில் அத்தை மடியில் அவள் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கைப் பார்ப்பேனா, கண்ணாடியில் அவளைப் பார்ப்பேனா? ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். இப்போது நன்றாக இருக்கிறாள்.

மறுநாள் பட்டறையில் காட்டினேன். மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “டைமிங் செயின் மேடம். எவ்ளோ நாளா கீது இந்த சத்தம்?” என்றார்.

இன்ஜினில் மேல் பாகத்தையும் கீழ்ப் பாகத்தையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் சங்கிலியாம் அது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். என் புத்தி அப்படித்தான் மாமா, தடுப்பூசி மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரு தேதி வேண்டும்.

“பெல்ட்டுன்னா கெடு கீது. செயினுக்கு அப்டி கெடையாது. ஆயில ஒழுங்கா மாத்திகினு இருந்தா வருஷக்கணக்குல ஓடும். நீண்டுபோச்சுன்னா காலைல மொத ஸ்டார்ட்டுல சத்தம் குடுக்கும். அப்பால லைட்டு எரியும். ரெண்டும் வந்துட்ச்சா, தள்ளிப் போடாதீங்க. ஒரு பல்லு தாவுச்சுன்னா வால்வும் பிஸ்டனும் இடிச்சிக்கும். இன்ஜின் நட்டநடு ரோட்டுல பூட்ச்சு.”

அத்தை தினமும் செய்வதைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். “சூடாவறதுக்குள்ள ஆஃப் பண்ணா? ஆயில் மேல ஏறங்காட்டியும் அது காஞ்சிபோய் ஆடும் மேடம். பேட்டரிய பொழைக்க வெச்சு செயினை சாவடிச்சிகினு கீறீங்க!” சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வீட்டில் அத்தை ஒரே பிடி. “தலைத் திவசம் முடியாம அவரு வண்டில நட்டு போல்ட்டுல கூட கை வெக்கக் கூடாது. வருஷம் திரும்பட்டும்.” உங்கள் மகனுக்குப் போன் செய்தால், “அம்மா சொல்றபடி செய்யேன்” என்கிறார். அதற்குள் குழந்தைக்கு இன்னொரு முறை வந்தால்? பாதி வழியில் வண்டி நின்றால்?

இன்று மாலை கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தையிடம் பட்டறைக்காரர் சொன்னதை ஒப்பித்தேன். முதலில் சத்தம் வரும், பிறகு விளக்கு எரியும், அதையும் விட்டால் திடீரென்று நின்றுவிடும் என்றேன். தினமும் ஸ்டார்ட் செய்ததால் தேய்ந்த கதையை மட்டும் சொல்லவில்லை. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்.

அத்தை கீரையைக் கீழே வைத்தார். “அவரும்தான் சொன்னாரு. நெஞ்சு கரிக்குதுடின்னாரு. கேஸுன்னு இஞ்சி தட்டிப் போட்டுக் குடுத்தேன்.”

முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார். “கொழந்தை ஏறுற வண்டி. இட்டுகினு போ. பழைய செயினைக் குப்பைல கடாசிடப் போறான், மறக்காம வாங்கியாந்துடு.”

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் பால் இருந்தது, போய் அணைத்தேன்.

நாளை வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுவேன். செயினோடு அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன், ஆயிலையும். வண்டி திரும்பி வந்ததும் ஒன்று செய்வேன் மாமா, இது சத்தியம். காலையில் அத்தை சாவியைத் திருப்பட்டும். உடனே நான் ஓட்டுநர் சீட்டுக்கு மாறிக்கொள்வேன். அத்தையைப் பக்கத்திலும் யாழினியைப் பின்னாலும் உட்காரவைத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிவரை போய், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் வீடு திரும்புவேன். ஏன் என்று அத்தை கேட்டால், காற்று வாங்க என்பேன்.

ஆனால் அந்தக் கடகட இனி வராது. அதைத்தான் யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. காலையில் யாழினி கண் விழித்து, கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பாளே, அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?

சீக்கிரம் பதில் போடுங்கள் மாமா.

உங்கள் வண்டியை இனி ஓட்டப்போகும்,
உங்கள் மருமகள்