ஊர் வாசலில் போட்ட பெட்ரோல்

என் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான், அப்பா, உன் தம்பி, அவன் பெண்டாட்டி எல்லோரும் உடம்பால் ஏதோ நலம். மனசைப் பற்றிக் கேட்காதே. நீ அங்கே சௌக்கியமா என்று வழக்கம்போல் எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை, நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. உறையின் மேலிருக்கும் விலாசத்தைப் பார்த்ததுமே உனக்கும் விஷயம் புரிந்திருக்கும். நீ கொடுத்த வீட்டு விலாசமும் இல்லை, வேலை பார்ப்பதாகச் சொன்ன ஆஸ்பத்திரி விலாசமும் இல்லை. அந்தப் பெட்ரோல் பங்க்கின் பெயர்ப் பலகையில் இருந்ததை மனசுக்குள் சொல்லிச் சொல்லியே வீடு வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தேன். பதறாதே. பக்கத்தில் ஆள் இருந்தால் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படி.

நாங்கள் வந்திருந்தோம் கண்ணு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது போன் எடுக்கவில்லையே, கரண்ட் இல்லை, சார்ஜ் போய்விட்டது என்று மறுவாரம் புளுகினேனே, அன்றைக்கு நாங்கள் உன்னைப் பார்க்க ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். எல்லாம் அப்பாவின் ஏற்பாடு. ரிட்டையர் ஆனதிலிருந்து மனுஷனுக்கு வீடு முள்ளாகக் குத்துகிறது. மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வண்டியில் அலைந்த உடம்பு, ஈஸிசேரில் எத்தனை நாள் உட்காரும். ரயிலில் போனால் சரக்கு மூட்டை மாதிரி போய் இறங்குவோம், வண்டியில் போனால்தான் பொண்ணு வீட்டுக்கு வழி தெரிஞ்சு போன மாதிரி இருக்கும் என்று ஒரே பிடிவாதம். அவருடைய பழைய வண்டி அவ்வளவு தூரம் தாங்காது என்று மருந்துக்கடை நண்பரிடம் பெரிய வண்டியைக் கேட்டு வாங்கினார். உன் தம்பியும் அவன் பெண்டாட்டியும் இன்னொரு வண்டி. இந்த வயசில் எனக்குப் பேண்ட்டு, கனத்த கோட்டு, கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட்டு. வாசலில் நான் நின்றதைப் பார்த்து மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள், அத்தே, உங்களப் பாத்தா கொள்ளையடிக்கப் போற ஆள் மாதிரியே இருக்கீங்க என்றாள். சிரிக்கட்டும், போகிற வழியெல்லாம் நானும் சிரித்துக்கொண்டுதான் வந்தேன். முதுகு விண்விண் என்று தெறித்தது, இறங்கி நின்றால் கால் இரண்டும் என்னுடையது மாதிரியே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு மைல்கல்லிலும் உன் ஊருக்கு எவ்வளவு தூரம் குறைந்தது என்று பார்ப்பதில் ஒரு கிறுக்கு சந்தோஷம். உனக்கென்று தைத்த இரண்டு சட்டைகளைப் பாலிதீனில் சுற்றி மடியில் வைத்திருந்தேன், மழையில் நான் நனைந்தேன், அவை நனையவில்லை.

நீ எங்களை எதிர்பார்க்கக் கூடாது, கதவைத் திறந்து திகைக்கணும் என்று அப்பாவுக்கு ஆசை. உன் ஊர் எல்லைக்கு வந்தாயிற்று. டேங்க்கில் பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் அவருடைய சட்டம்தான் உனக்குத் தெரியுமே, யார் வீட்டுக்குப் போனாலும் வெளியிலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டுதான் போகணும், காலி டேங்க்கோடு ஒருத்தர் வாசலில் நிற்பவனுக்கு நினைத்த நேரத்தில் கிளம்பும் மரியாதை கிடையாது என்பார். சொந்த மகள் வீட்டுக்கு என்னங்க சட்டம், நேரா போங்க என்று முதுகில் குத்தினேன். கேட்டால்தானே. காலையிலேயே டேங்க்கை நிரப்பிவிட்ட தம்பி எதிர்ப்பக்க மரத்தடியில் ஒதுங்கி நிற்க, இவர் மட்டும் பங்க்குக்குள் திருப்பினார். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் நாங்கள் நேரே உன் கதவைத் தட்டியிருப்போம், நீயும் ஏதாவது ஒரு கதை சொல்லிச் சமாளித்திருப்பாய், எல்லோரும் ஏமாந்து நன்றாக இருந்திருப்போம்.

தொப்பியை இறக்கிப் போட்டுக்கொண்டு ஒரு பெண் பெட்ரோல் குழாயோடு வந்தாள். முகத்தை நான் பார்க்கவில்லை. மணிக்கட்டில் மடித்துக் கட்டிய கைக்குட்டையைத்தான் பார்த்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படிக் கட்டுகிறவள் ஒருத்திதான். அப்புறம் தோளைப் பார்த்தேன். வேறு யாருக்கோ தைத்த சீருடை, உனக்குத் தொளதொளவென்று கிடந்தது, நழுவாமலிருக்கத் தோளில் ஊக்கு குத்தியிருந்தாய். ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவள் பெற்ற பெண் தோளில் ஊக்கு. நான் இறங்கக் காலை எடுத்தேன். அதற்குள் அப்பாவின் கை பின்னால் வந்து என் முட்டியை அழுத்திப் பிடித்தது. வண்டியில் பேச்சுக் கேட்காது என்று நாங்கள் வைத்துக்கொண்ட சைகை, அசையாதே, இறங்காதே என்று அர்த்தம். எனக்கு முன்பே அவர் உன்னை அடையாளம் கண்டிருக்கிறார். எவ்வளவு சார் என்று கேட்டாய். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர் டேங்க்கின் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். சின்ன வயசில் அவருடைய பழைய வண்டியில் முன்னால் டேங்க்கின் மேல் உட்கார்ந்து, நிறைய ஊத்துங்க என்று தட்டுகிற வேலை உன்னுடையதாகத்தானே இருந்தது. பழக்க தோஷத்தில் தட்டிவிட்டார். நீ ஒரு விநாடி அவர் விரலையே பார்த்தாய். அப்புறம் மெஷின் பக்கம் திரும்பி, ஜீரோ பாத்துக்கங்க சார் என்றாய்.

பெற்ற அப்பனைச் சார் என்று கூப்பிட்டாயே அம்மா. உன்மேல் தப்பில்லை, ஹெல்மெட்டுக்கு உள்ளே இருப்பது யாரென்று உனக்கு எப்படித் தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அந்த மனுஷனின் முதுகு ஒடுங்கிப்போனதைப் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்தேன். நிரப்பி முடித்ததும் பெரிய நோட்டாக எடுத்து உன் கையில் திணித்தார், மிச்சத்துக்கு நிற்காமல் வண்டியைக் கிளப்பிவிட்டார். சார், சார், மிச்சம் என்று நீ ஓடி வந்தாய். வண்டியின் பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. பங்க்கின் வாசல் வரைக்கும் ஓடி வந்தாய், அதைத் தாண்டி ரோட்டுக்கும் வந்தாய், அப்புறம் கையில் காசோடு நின்றுவிட்டாய். நிறுத்துங்க, நிறுத்துங்க என்று அவர் முதுகில் அறைந்தேன், அழுதேன், அந்தக் கல்லுப் பிள்ளையார் அசைந்தால்தானே. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள், எங்கள் வீட்டில் பெற்ற மனமும் கல்லாகிப்போயிற்று என்று அன்றைக்கு அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கொஞ்ச தூரம் போய் ஒரு மூடின கடை வாசலில் நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை, உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது, அந்தச் சத்தத்தை நான் இத்தனை வருஷக் குடித்தனத்தில் கேட்டதில்லை. அப்புறம் சொன்னார், நமக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் அவ மறைச்சு வச்சிருக்கா, நாம பாத்துட்டோம்னு தெரிஞ்சா அவ அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு நாளைக்கு எப்படி வேலைக்குப் போவா, பாக்கலேன்னே இருக்கட்டும்டி என்றார். பின்னால் வந்து சேர்ந்த தம்பியிடம், அக்கா ஊரில் இல்லையாம், இப்பதான் போனில் சொன்னாள், திரும்பலாம் என்றார். அவனுக்கு வந்ததே கோபம். இத்தன நாள் முதுகு ஒடிய வந்துட்டு வாசல்லயே திரும்பறதா, அவகிட்ட ஏதோ சண்ட போட்டிருக்கீங்க, அத மறைக்கிறீங்க என்று ரோட்டிலேயே கத்தினான். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு முன்னால் போய்விட்டார். திரும்பி வந்த வழி முழுக்க மழை. ஒரு தங்குமிடத்தில் சைடு ஸ்டாண்டைப் போட மறந்து இறங்கி, வண்டி அவர் பாதத்தின் மேலேயே சாய்ந்தது. வீக்கம் இன்னும் வடியவில்லை. தம்பி இன்று வரை அப்பாவோடு பேசுவதில்லை, மருமகள் இருவருக்கும் நடுவில் தூது போய்க் களைத்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக நாங்கள் இரண்டு பேரும் இதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

பெட்ரோல் போடுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைத்துவிடாதே. உன் அப்பா வாழ்நாள் பூராவும் டாக்டர்களின் வாசலில் பையோடு காத்து நின்றவர், நான் அடுத்தவர் துணியைத் தைத்து உங்களை வளர்த்தவள். உழைக்கிற கை எங்களுக்குப் புதுசில்லை. ஆஸ்பத்திரியில் கணக்குப் பிரிவு, ஏசி ரூம், சுழல் நாற்காலி என்று நீ சொன்னாயே, அந்தப் பொய்யை இவ்வளவு காலம் தனியாகச் சுமந்தாயே, அதுதான் என் வயிற்றை எரிக்கிறது. எப்போது கேட்டாலும் மாப்பிள்ளை டியூட்டியில் இருக்கிறார், இல்லையென்றால் தூங்குகிறார். ஒரு மனுஷன் இப்படியா தூங்குவான். அவர் உன்னோடு இருக்கிறாரா, இல்லையா. ராத்திரி உன் வீட்டுக் கதவை உள்ளே இருந்து பூட்டுவது நீ மட்டும்தானா. எங்களிடம் சொல்லாமல் மறைக்கிற அளவுக்கு உனக்கு என்னடி குறை வைத்தோம். கேட்டால் போனை வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் எப்படிம்மா இருக்கு என்று அவர் கேட்டார். நல்லா இருக்குப்பா, ஏசிதான் ஒத்துக்கல, இருமலா வருது என்றாய். ஸ்வெட்டர் போட்டுக்கோம்மா என்றார். அன்றைக்கு அங்கே என்ன வெயில் என்று டிவியில் சற்று முன்னால்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார். போனை வைத்ததும் எழுந்து போய், கொல்லைப்பக்கம் நிற்கும் தன் பழைய வண்டியின் மேல் தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றால் கட்டிவிட்டார். காலையில் எழுந்து வண்டி துடைப்பதுதான் அவருக்குப் பூஜை மாதிரி. இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. மருந்துக்கடைக்காரர் வந்து, பொண்ணு ஆஸ்பத்திரில எப்படி இருக்கா என்று கேட்டால், நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார். சோறு பாதி அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் நீ அவருக்காக நடிக்கிறாய், இந்தப் பக்கம் அவர் உனக்காக நடிக்கிறார், நடுவில் நான் ஒருத்தி பைத்தியக்காரியாக உட்கார்ந்திருக்கிறேன். இப்படியே விட்டால் ஒரு நாள் உங்கள் இருவரில் யாராவது ஒருவர் எனக்கு இல்லாமல் போய்விடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் சொன்ன மாதிரி, தெரிந்துவிட்டது என்றதும் நீ அந்த இடத்தையும் விட்டு எங்கேயாவது கண்காணாமல் போய்விடுவாயோ என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். போய்விடாதே கண்ணு. உன் காலில் விழுந்து கேட்கிறேன், பெரியவள் கேட்கக் கூடாது என்றாலும் கேட்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. மிச்சம் கொடுக்க வாசல் வரை ஓடி வருவார்கள், சரி. அதைத் தாண்டி லாரி போகிற ரோடு வரைக்கும் நீ ஏன் ஓடி வந்தாய். டேங்க்கில் தட்டிய அந்த விரல் யாருடையது என்று உனக்குத் தெரிந்துவிட்டதா. தெரிந்து, நாங்கள் நிற்காமல் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றாயா. அப்படியென்றால், சிட்டு, அப்பா உன்னை வெறுத்துப் போகவில்லை, உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு போனார், இது மட்டுமாவது உனக்குத் தெரியவேண்டும்.

எந்தக் குறையும் உன்னை நெருங்காமல் இருக்கட்டும், நீ நிற்கிற இடத்தில் உனக்கு நிழல் இருக்கட்டும். உனக்குத் தைத்த சட்டைகள் இன்னும் பாலிதீனிலேயே இருக்கின்றன, அளவு மாறியிருக்கும், வந்தால் பிரித்துத் தைத்துத் தருகிறேன். தோளில் ஊக்குக் குத்தாதே, இருமி அசைந்தால் கீறிவிடும். அந்த மிச்சக் காசைத் தபாலில் அனுப்பிவிடாதே, நீயே கொண்டு வா. கதவை அப்பாதான் வந்து திறப்பார். அவரைச் சார் என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே.

இப்படிக்கு,
அன்றைக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த
உன் அம்மா