கூரை ஏறிய ஃபிளெக்ஸ்

ஏலப்பாறை,
ஞாயிறு மாலை

அன்பு மகன் ஜின்சனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை ரிஞ்சுவும் சுகம், குவைத்து வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். இந்தத் தேயிலை எஸ்டேட் லயத்து ஒற்றை வரிசை வீட்டில் மூலையில் நின்று கிசுகிசுத்தாலும் ரிஞ்சு காதில் விழுந்துவிடும், அதனால்தான்.

பத்தாம் வகுப்பில் அவளுக்கு எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ், கெமிஸ்ட்ரியில் மட்டும் ஏ என்று சொன்னேன் அல்லவா, அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளையை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். நம் லயத்துக் கிளப்புச் செயலாளர் ஆனந்தகுமாருக்கு எதிலும் அவசரம், உனக்குத் தெரியும். ரிசல்ட் வருவதற்கு முன்பே அவள் படத்தைப் போட்டு 'ஃபுல் ஏ பிளஸ் வாங்கிய எங்கள் லயத்து மகள்' என்று பெரிய ஃபிளெக்ஸ் அடித்து பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டான். ரிசல்ட் வந்ததும் அவனே ஓடிப்போய் அவிழ்த்தான், அதற்குள் ஊரே பார்த்துவிட்டது. உன் அப்பாவோ, நல்ல கெட்டி ஷீட்டு வீணாகக் கூடாதாம், அதைச் சுருட்டி வீட்டுக்கே கொண்டுவந்தார்! அவரை நான் பேசிய பேச்சை எழுத முடியாது.

ரிஞ்சு கட்டிலை விட்டு எழவில்லை. சோறு ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை, பிளஸ் ஒன்னுக்கு அப்ளிகேஷன் போடமாட்டேன், "எல்லாரும் என்னப் பாத்து சிரிப்பாங்கம்மா" என்றாள். ஒரு கோடு கோணினால் பக்கத்தையே கிழிக்கிறவள்தானே. கடைசித் தேதி நெருங்க நெருங்க எனக்குக் கொழுந்து பறிக்கக் கை ஓடவில்லை, இவளும் சாக்கைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்துவிடுவாளோ என்று பயந்து செத்தேன்.

வியாழக்கிழமை மழை கொட்டியதில் கூரை ஒழுகி அவள் கட்டில் நனைந்துவிட்டது. எழுந்தவள் நேரே எங்கள் கட்டிலுக்கடியில் நான் ஒளித்து வைத்திருந்த ஃபிளெக்ஸை இழுத்தாள், கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அப்பாவை ஏணியில் ஏற்றி, அதைக் கூரையில் விரிக்கச் சொன்னாள். மேல் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியுமே என்று அவர் படத்தைக் கவிழ்த்துப் போடப் பார்த்தார். "மேல பாத்தே போடுங்கப்பா, நனைஞ்சா நனையட்டும்" என்றாள். உள்ளே வந்தால் அடுப்பு மூலையில் மட்டும் இன்னும் சொட்டுகிறது. அப்பா மறுபடி ஏணிக்குத் திரும்பினார். "விடுங்கப்பா, ஒரு எடந்தானே, வாளிய வைப்போம்" என்றவள், பசிக்கிறது என்று தட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். என் வயிற்றில் பாலை வார்த்தாள், ஜின்சா. அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டே அழுதேன். மறுநாள் அப்பாவோடு போய் அப்ளிகேஷனும் போட்டாயிற்று. இப்போது மேல் ரோட்டில் எந்த பஸ் போனாலும் நம் கூரையிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

போனில் அவளுக்கு ஆறுதல் எதுவும் சொல்லாதே, எப்போதும் போல வம்பிழு. வேளைக்குச் சாப்பிடு, ஆராதனைக்குப் போகாமல் இருக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மறக்காமல் இதையும் கேள், வீட்டுக்கு வேண்டியதை எல்லாம் சரியாகச் செய்து முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று போன கிறிஸ்துமஸையும் தள்ளிவிட்டாய். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு, ஒழுகுகிற வீட்டுக்கே வா, வாளி வைத்திருக்கிறோம்.

உன் அம்மா
எப்சிபா